டெனிஸ் ஓடிய ஷாட்

சிட்லபாக்கம் ஜோவிதாவுக்கு நாற்பத்தாறு வயதில் சினிமாப் பித்து பிடித்தது. தாம்பரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை அவருக்கு. பங்கு விழாவுக்கு யார் வேண்டுமானாலும் குறும்படம் எடுக்கலாம் என்று சர்ச்சில் அறிவித்ததிலிருந்து வீட்டில் எதுவும் சும்மா நடக்கவில்லை. இட்லிப் பானையைத் திறந்தால் ஆவிக்கு க்ளோசப். கணவர் டெனிஸ் மாடியில் துணி காயப்போட்டால், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி டாப் ஆங்கிள்.

"இறங்கு ஜோவி, பக்கத்து வீட்ல பார்க்குறாங்க."

"அவங்களும் ஃபிரேம்ல இருக்காங்க. அப்படியே நிக்கச் சொல்லுங்க."

கதை எளிது. மனைவி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வண்டியில் போகிறாள். கணவன் டப்பாவோடு துரத்துகிறான். ஓடுகிறவருக்கு முன்னால் கேமரா நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும், தண்ணீர் கேன் போடும் குமரவேலின் குட்டியானை வண்டியின் பின்பக்கம், காலி கேன்களுக்கு நடுவே போனைப் பிடித்து உட்கார்ந்தார் ஜோவிதா.

"மெதுவா போங்க குமரவேல். அவர் தூரத்துல சின்னதாத் தெரியணும்."

"சரிக்கா. சாருக்கு மூச்சு வாங்கினா கொரல் குடு, நிறுத்திக்கிறேன்."

ஏரிக்கரைச் சாலையில் டெனிஸ் ஓடினார். "ஜோவி, நில்லு" என்று அவர் கத்தியதைத் தெருவே நம்பிவிட்டது. நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர், "பேசித் தீர்த்துக்கலாம்மா" என்று வண்டியைப் பார்த்துக் கும்பிட்டார். ஸ்கூட்டரில் வந்த முன்பின் தெரியாத ஒருவர் டெனிஸ் பக்கத்தில் நிறுத்தி, "ஏறுங்க சார், பிடிச்சிடலாம்" என்றார். கதையில் ஸ்கூட்டர் கிடையாது. டெனிஸ் ஏறிவிட்டார்.

புள்ளியாகத் தெரிந்தவர் முழு ஆளானார், பிறகு இடுப்பளவு, பிறகு முகம் மட்டும். முடி பறக்க, டப்பாவை நீட்டியபடி, வசனத்தை மறந்து சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பில் இடது கன்னத்தில் குழி விழுவதை ஜோவிதா வெகுநாள் கழித்துப் பார்த்தார். அவரும் சிரித்ததில் கை ஆடியது; பதிவை மட்டும் நிறுத்தவில்லை.

குமரவேல் ஓரமாக வண்டியை நிறுத்தினார். ஸ்கூட்டர்காரர் பெயர் ஸ்ரீரங்கன்.

"சாப்பாடு எடுத்துட்டு ஓடி வர்ற மனுஷன்கிட்ட கோபம் எதுக்கும்மா?"

ஷூட்டிங் என்று சொன்னதும் அவர் சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

"நான் தெரியுறேனா?"

"உங்க காது மட்டும்."

"அப்போ ஒன் மோர் போயிடலாம்."

போனார்கள், வெயில் ஏறும்வரை. எதுவும் முதல் ஷாட் போல வரவில்லை. அதையே வைத்தார் ஜோவிதா.

விழாவில் பரிசு வேறு படத்துக்குப் போனது. ஆனால் டெனிஸின் முகம் திரை முழுக்க நிறைந்தபோது அரங்கமே ஆரவாரித்தது, மறுபடி போடச் சொன்னது. டெனிஸ் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். பங்குத்தந்தை திரும்பிப் பார்த்தார். டெனிஸ் இன்னொன்று அடித்தார்.