ரைட்டர் போட்ட ராஜா வேஷம்

எங்கள் பழைய எஸ்டேட் ரைட்டர் இன்று காலை இறந்துவிட்டாராம். வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ வந்தது. மாலை, ஊதுபத்தி, கீழே 'கலை வள்ளல்' என்று ஒரு பட்டம்...

கலை வள்ளல்! மன்னிக்கவும், எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எண்பதுகளில், சேலத்து மலைமேல் கொட்டச்சேடு பக்கம் அந்த எஸ்டேட் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். ரைட்டர் என்றால் கணக்கு எழுதுகிறவர்தான், ஆனால் யாருக்கு வேலை, யாருக்குத் தொழிலாளர் லைன் வீடு என்று முடிவு செய்கிறவரும் அவர்தான். காபி பறிக்கிற பெண்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "ஏய்" மட்டும்தான்.

அந்த மனிதருக்கு ஒரு வருஷம் நாடக ஆசை வந்தது. பாட்டு நாடகம். கதை, வசனம், டைரக்‌ஷன், இளம் ராஜா வேஷம் எல்லாம் அவரே. வயது ஐம்பதுக்கு மேல். தொப்பைக்கு மேல் ஜரிகை பெல்ட்... பார்க்க வராதவர்களுக்குத் திங்கட்கிழமை வேலை கிடையாது என்று வேறு சொல்லிவிட்டார்.

ஞாயிறு மதியம், காபி காயப்போடும் களத்தில் மேடை. கண்ணெதிரே ஆள் நின்று பாடி நான் அதுவரை பார்த்ததில்லை. பாட்டு என்றால் எனக்கு ரேடியோதான்.

முதல் பாட்டு அவருடையது. ஆர்மோனியம் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். இதுதான் நாடகமா என்று நினைத்தேன்.

அப்புறம் சேலத்திலிருந்து கூட்டி வந்திருந்த ராணி வேஷக்கார அம்மா பாடினார். மைக் பக்கம்கூடப் போகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒரு மனுஷியின் தொண்டையிலிருந்து, இவ்வளவு கிட்டத்தில்...

பக்கத்தில் மாரமங்கலத்து பாப்பாத்தி அக்கா. எங்கள் எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவர். மடியில் குழந்தை அழுவது கூடக் காதில் விழாமல் உட்கார்ந்திருந்தார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. ரைட்டருக்குப் பொறுக்குமா? அந்த அம்மாவின் அடுத்த பாட்டைப் பாதியிலேயே நிறுத்தினார். கூட்டம் சத்தம் போட்டது.

கிரீடத்தோடு முன்னால் வந்து, "அவ பாட்டக் கேக்க வந்தீங்களா, என்னப் பாக்க வந்தீங்களா?" என்று கத்தினார்.

பாப்பாத்தி அக்கா எழுந்து நின்றார். "பாட்டு கேக்கத்தானுங்க வந்தோம். உங்களத்தான் தெனமும் பாக்கறமுங்களே."

களமே சிரித்தது. அவர் திரையை இழுத்து மூடச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். மேடையை விட்டு இறங்கி, எங்கள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எங்க கண்ணு உட்டேன்?" என்று பாப்பாத்தி அக்காவைக் கேட்டார். அக்கா வெட்கத்தோடு அந்த அடியைச் சொன்னார்.

அங்கிருந்து பாடினார். ஆர்மோனியக்காரரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாயங்காலம் மலைப்பனி இறங்கி முகம் தெரியாமல் மூடியது. ஒருவரும் எழவில்லை. திரைக்குப் பின்னால் ரைட்டர் திட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பாப்பாத்தி அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார். லைன் வீட்டையும் காலி செய்ய வைத்தார். கைக்குழந்தையோடு. காரணம் கேட்டதற்கு ஒரே வார்த்தை... "திமிரு."

அக்கா இப்போது செம்மநத்தத்தில் மகளோடு இருக்கிறார். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அப்புடியா" என்றார். அப்புறம், "ஏங் கண்ணு, அன்னிக்குப் பாடுன அந்தம்மா பேரு என்ன? நொம்ப நாளா உன்னையக் கேக்கோணும்னு இருந்தேன்."

எனக்கும் தெரியவில்லை. நாடக நோட்டீசில் அச்சடித்திருந்தது ரைட்டர் பேர் ஒன்றுதான்.

சரிங்க ரைட்டரே... கிளம்புங்க.