புல்லால் செய்த அண்ணை

இந்தக் காரியத்தை நான் இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போன என் அண்ணையைப் பதினைந்து வருடங்களாக அண்ணி தேடிக்கொண்டிருந்தார். நெற்றியில் குங்குமப் பொட்டை அவர் ஒருநாளும் விட்டதில்லை. என் மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பொட்டைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"அண்ணைக்குக் கிரியை செய்து முடிப்பம் அண்ணி, ஊர் கதைக்குது" என்றேன்.

"அவர் செத்ததை ஆர் கண்டது தம்பி?"

அவர் சொன்னதை நான் கேட்கவில்லை. கீரிமலைக் கடற்கரையில் தர்ப்பைப் புல்லால் ஓர் உருவம் செய்து, அதை அண்ணை என்று சொல்லி எரித்தோம். பொட்டையும் அழிக்க வைத்தேன். கல்யாணத்தன்று அண்ணி அறையை விட்டு வெளியே வரவேயில்லை. நானும் கூப்பிடவில்லை.

போன மாதம் என் இளைய மகள் ரீவியில் ஒரு கார்ட்டூன் படம் போட்டாள். எமன் கொண்டுபோன கணவனை, பின்னாலேயே நடந்து வாதாடி மீட்கும் பெண்ணின் பழைய கதை. அண்ணி முருங்கையிலை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவன் கண்திறந்ததும் மகள் கைதட்டினாள்.

"அவளுக்கு முன்னாலை எமன் மட்டும்தான் நிண்டவன் தம்பி" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமலே. "எனக்கு முன்னாலை நீங்களும் நிண்டனீங்கள்."

அந்த எமனாவது அவள் சொன்னதைக் கடைசிவரை காதுகொடுத்துக் கேட்டான்.