உள்ளூர்ப் பெயர்: லட்சுமி நரசிம்மர்

நான் வேலை பார்க்கும் இடத்தில் செத்தவர்களுக்குத்தான் அனுமதி. நகரத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் அருங்காட்சியகம் அது. பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் வேலையில் இருக்கிறேன். குடுவைக்குள் பாம்புகள், பஞ்சு அடைத்த பறவைகள், ஊசி குத்திய வண்டுகள், ஒரு பீரோ நிறையக் கல்லாய்ப் போன பழைய உயிர்கள். ஒவ்வொருவரையும் எடுத்துத் தூசி தட்டி, அளந்து, எண் போட்டு, தொகுதி, வகுப்பு, குடும்பம் என்று கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு. இதில் ஒரு வசதி, யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். என் கோபத்துக்குத் தோதான வேலை என்று அம்மா சொல்வாள்.

அம்மா ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்பவள். நான் முதுகலை வரை படித்துத் தெரிந்துகொண்ட மீன் வகைப்பாட்டை அவள் ஒரே கேள்வியில் முடித்துவிடுவாள்: குழம்புக்கா, வறுவலுக்கா?

ஒரு நாள் காலை எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வேட்டி சட்டையில் துணிப்பையோடு வந்தார். மயிலாப்பூரில் இருந்த வீடு கைமாறிப் போய், இப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் சின்ன ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறாராம். பையிலிருந்து ஒரு வெள்ளிச் சம்புடத்தை எடுத்தார். கை நன்றாக நடுங்கியது. உள்ளே நாரத்தங்காய் அளவில் ஒரு கறுப்புக் கல். ஒரு பக்கம் வாய் மாதிரி திறந்திருக்க, உள்ளே வரிவரியாகச் சுருள்.

எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. இமயமலை கடலுக்கடியில் கிடந்த காலத்தில் நீந்திக்கொண்டிருந்து பின்னர் கல்லாய்ப் போன அம்மோனைட் என்ற ஓட்டுயிர். எங்கள் பீரோவில் இருப்பதெல்லாம் உடைசல். இதுவோ வரி குலையாமல் முழுசாக இருந்தது.

"சாளக்கிராமம். நீங்க எடுத்துக்கணும்" என்றார்.

"கோயிலுக்குக் கொடுக்கலாமே, சார்?"

"அங்க ஏற்கெனவே ஒரு கூடை கிடக்கு. இவரைத் தனியா யார் கவனிப்பா? இங்கதான் ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்டு வெச்சிண்டிருக்கேள்."

தினமும் மத்தியானம் இவருக்கு ஒரு பிடி சாதம் காட்ட வேண்டும்; அது வீட்டில் வடித்ததாக இருக்க வேண்டும். அவர் கையோ இனிமேல் அடுப்பு மூட்டாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இருவரும் தினசரி பூஜையெல்லாம் தங்களால் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். "எனக்கு கேரியர் சாப்பாடு வர்றது. அதை நான் சாப்பிடலாம், இவர் சாப்பிட மாட்டார்" என்றார். பெண்கள் தொடக்கூடாது என்று ஒரு விதி இருந்ததாம். அதையும் அவரே ரத்து செய்தார்: "உங்களுக்கு இது உத்யோகம். உத்யோகத்துக்கு தோஷம் கிடையாது."

பிறகு விசாரணை. "ஆத்துல வடிச்ச சாதம்தானே கொண்டு வருவேள்?"

"வீட்டுச் சோறுதான் சார்."

"எங்க இருக்கேள்?"

"பெசன்ட் நகர் பக்கம்."

"பெசன்ட் நகர்ல எங்க?"

"பீச்சை ஒட்டி."

"பேஷ். நல்ல காத்து" என்றார். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வாசலில் நின்று எச்சில் துப்பினால் மணலில்தான் விழும்.

பதிவு முடியும்வரை நகரமாட்டேன் என்று நாற்காலியை என் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் தட்டச்சு செய்யச் செய்ய வாய்விட்டுப் படித்தேன். தொகுதி, மெல்லுடலிகள். வகுப்பு, தலைக்காலிகள்.

"அப்படின்னா?"

"கடம்பாக் கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் இவருக்குச் சொந்தக்காரங்க சார்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்ததும், "எத்தனை சக்கரம்னு எண்ணினேளா?" என்றார். உள்ளே இருந்த சுருளைத்தான் சக்கரம் என்றார். அவரிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது. சக்கரம் எத்தனை, எந்தப் பக்கம், வாய் அகலமா ஒடுக்கமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு பெயரில் நிற்க வேண்டும். நாங்கள் தவளைக்குச் செய்வதும் அதேதான். அவர் வந்து நின்ற பெயர் லட்சுமி நரசிம்மர். அதைச் சீட்டில் எழுதினால்தான் கல்லைத் தருவேன் என்றார். அறிவியல் பெயர் தவிர வேறு எதுவும் சீட்டில் வரக்கூடாது என்பது துறைத் தலைவரின் உத்தரவு. ஆனால் சீட்டில் 'உள்ளூர்ப் பெயர்' என்ற கட்டத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. மீனவர்கள் சொல்லும் பெயர்களுக்காக வைத்தது. எங்கள் பட்டியலில் முந்தைய பதிவு ஒரு மீன்; உள்ளூர்ப் பெயர் வெள்ளை வவ்வால். அடுத்த பதிவு லட்சுமி நரசிம்மர். இருவருக்கும் சண்டை வரவில்லை.

எழுந்தவரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். "சாமிக்குக் காட்டின சோத்தை அப்புறம் கொட்டிடலாமா சார்?"

"அபசாரம்! அவர் முன்னாடி வெச்சு எடுத்துட்டா அது பிரசாதம். யார் பண்ணினா, எங்க பண்ணினான்னு கேக்கப்படாது. வேண்டாம்னு சொல்லவும் படாது. நீங்களே சாப்பிடுங்கோ."

மறுநாள் பன்னிரண்டரைக்கு ஃபோன். "ஆச்சா?" என்றார். நான் சங்கரா மீன் குழம்பில் கை வைத்திருந்தேன். கல் இழுப்பறைக்குள் இருட்டில் கிடந்தது. "ஆச்சு சார்" என்றேன். அதற்கடுத்த இரண்டு நாளும் அதே கேள்வி, அதே பதில். சோறு தின்னும் கல்லை எந்தப் பாடத்திலும் நான் படித்ததில்லை.

நாலாம் நாள் சிப்பி சேகரிக்கக் கடற்கரைக்குப் போனவள், ஃபோனைப் பையிலேயே போட்டுவிட்டேன். மாலை நாலு மணிக்கு எடுத்துப் பார்த்தால் அவர் ஏழு முறை அழைத்திருக்கிறார். திருப்பிக் கூப்பிட்டு வழக்கம்போல "ஆச்சு சார்" என்றேன்.

"அப்பாடா. இனிமே நான் சாப்பிடறேன்."

"இப்பவா? மணி நாலு ஆகுது!"

"அவர் சாப்பிடாம நான் எப்படிச் சாப்பிடறது? சுகர் இருக்கோல்லியோ, கொஞ்சம் தலை சுத்தித்து. சுவத்தைப் பிடிச்சிண்டு உக்காந்துட்டேன். பரவாயில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஒரு கல்லை ஏமாற்றுவதாக நினைத்திருந்தேன். ஒரு வயதான மனுஷன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்திருக்கிறார்.

அடுத்த நாளிலிருந்து ஒழுங்காகச் செய்தேன். குழம்பு படாத வெள்ளைச் சோறு ஒரு குட்டி டப்பாவில், மேலே ஒரு சொட்டு நெய். துளசிக்குத் தாவரவியல் துறையின் தோட்டத்தில் பெயர்ப்பலகையோடு ஒரு செடி நின்றது; தினம் ஓர் இலை கிள்ளினேன். செடி மொட்டையாகிக்கொண்டே வர, ஏதோ புழு என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தார்கள். நான் இலையைக் கழுவிவிட்டுப் போட்டேன். இழுப்பறையைத் திறந்து டப்பாவை வைத்து, "சாப்பிடுங்க" என்று சொல்லி, சற்று நின்று எடுப்பேன். பிரசாதத்தை முதலில் தின்றுவிட்டு அப்புறம் மீனுக்குப் போவேன். விடுமுறை நாளிலும் இதற்காகவே போய்க் கதவைத் திறந்தேன். 'சார்' என்று அழைத்தவரை 'மாமா' என்று அழைக்கத் தொடங்கியது எப்போது என்று நினைவில்லை.

சில மாதங்கள் இப்படிச் சுகமாக ஓடின. பிறகு எறும்பு வந்தது. சிந்திய பருக்கைக்கு வந்த எறும்பு, பக்கத்து பீரோவின் வண்டுப் பெட்டிகளையும் விசாரித்துவிட்டுப் போனது. துறைத் தலைவர் பூதக்கண்ணாடியும் கையுமாக வந்து, ஒரு பருக்கையை இடுக்கியால் தூக்கிக் காட்டினார்.

"இது எப்படி வந்தது?"

"எலி கொண்டுவந்திருக்கும் சார்."

"நெய் போட்டா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். பூச்சிமருந்துப் புகை போட்டு மூன்று நாள் கதவுக்கு சீல் வைக்க உத்தரவாயிற்று.

மூன்று நாள். 'ஆச்சு' என்று மூன்று பொய் சொன்னால் விஷயம் முடிந்தது; முன்பு சரளமாகச் சொன்னவள்தானே? ஆனால் இப்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை. உண்மையைச் சொன்னாலோ அவர் மூன்று நாளும் பட்டினி கிடப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு. எனவே வெளியே கொண்டுபோகும் மாதிரிகளுக்கான பதிவேட்டை எடுத்து எழுதினேன். நோக்கம்: பராமரிப்பு. இடம்: ஊரூர் ஒல்காட் குப்பம். சம்புடத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"இன்னாடி இது, கல்லு?" என்றாள் அம்மா.

"சாமிம்மா. மூணு நாளைக்கு நம்ம வீட்டுலதான். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி கடல்ல இருந்தது. நம்ம கடம்பாவுக்கு ஒருவகையில பெரியப்பா."

அடுப்பில் ஏற்றுவதற்காக அறுத்து வைத்திருந்த கடம்பாவைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். "அவரு சொந்தக்காரங்களை அவரு எதிர்லயே எப்டி ஆக்கறது?" அதோடு நிற்கவில்லை. வீட்டைக் கழுவி, மீன் கூடையை வெளியே தள்ளி, அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மணை போட்டுக் கல்லை உட்கார வைத்தாள். மூன்று நாளைக்கு வீட்டில் மீன் கிடையாது என்றும் சொல்லிவிட்டாள். எனக்கு அழுகை வராத குறை.

முதல் நாள் பிரச்சினையில்லை. இரண்டாம் நாள் பன்னிரண்டரைக்கு ஃபோனை எடுத்து நான் "ஆச்சு மாமா" என்று சொல்லும் நேரம் பார்த்து, வாசலில் அம்மா ஒரு வாடிக்கையாளரிடம் கத்தினாள்: "வஞ்சரம்மா வஞ்சரம்! காலைல புடிச்சது, இன்னும் முழிச்சிக்கினு கீது பாரு!"

மறுமுனையில் மாமா கேட்டார்: "காலேஜ்ல வஞ்சரம் விக்கறாளா?"

சொல்லிவிட்டேன். எறும்பு, புகை, பதிவேடு, பஸ், எல்லாவற்றையும்.

"உங்க ஆம் எங்க இருக்கு?"

"ஊரூர் குப்பம், மாமா. இங்க யாரைக் கேட்டாலும்..."

ஃபோன் கட்டாகிவிட்டது.

ஆட்டோ வந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது. படகுகளுக்கும் காயும் வலைகளுக்கும் நடுவில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். தோளில் அதே துணிப்பை, காலியாக. வெயிலில் முகம் வெளுத்திருந்தது, கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கியது. கல்லை எடுத்துப் போக வந்திருக்கிறார், இன்னும் சாப்பிடவில்லை. பார்த்ததுமே இரண்டும் எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே வந்து மணைக்கு முன்னால் நின்றார். மஞ்சள் பொட்டும் கோலமுமாக அவருடைய நரசிம்மர் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை மாசமும்... எந்த சாதம்?" என்று என்னைக் கேட்டார்.

"அம்மா வடிச்சதுதான், மாமா. நீங்க வீட்டுச் சோறுன்னுதான் கேட்டீங்க."

அவர் சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். இடுப்பில் கை வைத்து நின்ற அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா ஐயரே, அப்டி பாக்கற? ரெண்டு நாளா என் வூட்ல மீனு இல்ல, உன் சாமியாலதான். எட்த்துக்கினு போறதுன்னா போ. ஆனா கடல்ல பொறந்ததுன்னு இவ சொல்றா. கடல்ல பொறந்தா அது எங்க ஆளு. ஊரெல்லாம் சுத்திட்டு இப்பதான் வூட்டுக்கு வந்துகீது."

அம்மா அவர் கையைப் பார்த்தாள். குரல் இறங்கியது. மத்தியானம் கல்லுக்கு முன்னால் காட்டி எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு பிடி சோறு, நெய், துளசி.

"உன் சாமி துன்னுட்டு வெச்ச சோறு. யாரு ஆக்குனதுன்னு கேக்கக்கூடாதாமே? வாணாம்னும் சொல்லக்கூடாதாமே? நீதான் சொன்னியாம், எம் பொண்ணு சொல்லுச்சு."

மனுஷன் தன் வலையில் தானே மாட்டிக்கொண்டார். கிண்ணத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் எழுந்து போய்விட்டால் நான் இனி எந்த முகத்தோடு அந்த இழுப்பறையைத் திறப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. துளசியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு சாப்பிட்டார். ஒரு பிடி சோறு நாலு வாயில் தீர்ந்துவிட்டது. கிண்ணத்தின் அடியை விரலால் வழித்தார். கேட்கவில்லை, ஆனால் கண் அடுப்பங்கரைப் பக்கம் போனது.

"இரு" என்றாள் அம்மா. சோற்றுப் பானையை அப்படியே இறக்கிக் கொண்டுவந்து கல்லுக்கு எதிரே வைத்தாள். ரசச் சட்டியைப் பக்கத்தில் வைத்தாள். மோர்ச் சொம்பையும் வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு பத்து எண்ணும் நேரம் நின்றாள்.

"சாப்டாரு. எல்லாம் பிரசாதம். இலை போடுடி."

அவர் முதலில் சிரிக்கக்கூடாது என்று உதட்டை இறுக்கிப் பார்த்தார், முடியவில்லை. நான் பார்த்தவரை அந்த முகத்தில் பற்கள் தெரிந்தது அன்றுதான். ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார், மோர் ஒரு தடவை. வீட்டில் மூன்று பேர் சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் எதிரே யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்றோ.

கை கழுவி வந்து கல்லின் முன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். செருப்பை மாட்டியபடி, அம்மாவைப் பார்க்காமல், கடலைப் பார்த்துக் கேட்டார்.

"நாளைக்கும் உங்காத்துலதானே இருப்பார்? எத்தனை மணிக்கு?"

"பன்னண்டரைக்கு" என்றாள் அம்மா. "லேட்டா வந்தா சாமிக்கு மட்டும்தான்."

மறுநாள் பன்னிரண்டு அடிக்கும் முன்பே வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.