சோறு வரத் தாமதமான பந்தி

முருகனை நம்பியிருக்கிற சொந்தங்களே, முதல்ல என் காலைப் பாருங்க. பத்து விரலும் இருக்கு.

போன ஆனியில இது நிலைக்குமான்னே தெரியாது. குத்தாலத்துல சாரல் விழுத நேரம். வலது கால் பெருவிரல்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல. தென்காசியில டாக்டரம்மா பாத்துட்டு, "சுகர் இப்படியே இருந்தா விரலை எடுக்க வேண்டி வரும்"னுட்டாங்க. நான் இலஞ்சியில தையல் மிஷின் மிதிக்கிறவ. விரல் போனா நான் என்னத்த மிதிக்க?

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சோத்தையே விட்டுட்டேனே! மூணு வேளையும் சப்பாத்திதான். உருளைக்கிழங்கு குருமா ஊத்தி அஞ்சு, ஆறு உள்ள போகும். "ஏட்டி, சப்பாத்தின்னா சுகருக்குத் தெரியாதாக்கும்?"னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். தட்டுல பாதி காய் இருக்கணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. காயைத் தின்னா வயிறு நிறையுமான்னு நான் காதுலயே போட்டுக்கல.

கிருத்திகை அன்னைக்கு எங்க ஊர்க் கோயில்ல குமாரன் முன்னால நின்னு சண்டையே போட்டேன். "இன்னும் என்னத்த விடச் சொல்லுத? வழியைக் காட்டு, இல்லன்னா என் விரலை நீயே எடுத்துக்க!" அழுதுக்கிட்டே வெளிய வந்தா, யாரோ ஒரு குடும்பத்துக்காரங்க வேண்டுதலுக்குப் பந்தி போட்டிருந்தாங்க. நல்ல பசி. உக்காந்துட்டேன்.

அவியல், கூட்டு, அவரைக்காய்ப் பொரியல் எல்லாம் இலைக்கு வந்துச்சு. சோத்தைக் காணோம். பரிமாறுன அண்ணாச்சி, "சிலிண்டர் தீந்து போச்சும்மா, உலை பாதியில நிக்கி. கூட்டைச் சாப்பிட்டுக்கிட்டு இருங்க"ன்னாரு. மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்னேன். சோறு வந்தப்போ ஒரு கரண்டிக்கு மேல இறங்கல.

ஐயோ முருகா! உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இப்பத்தானே வழி கேட்டேன்! டாக்டரம்மா சொன்ன தட்டு அப்படியே இலையா என் முன்னால கிடக்கு.

அன்னையிலருந்து வீட்டுலயும் அப்படித்தான். முதல்ல காய், கூட பருப்போ சுண்டலோ, கடைசியில ஒரு கரண்டி சோறு, இல்லன்னா ஒரு சப்பாத்தி. மாத்திரையையும் விடல, புண்ணுக்குக் கட்டுப் போடுததையும் விடல. ஐப்பசியில புண்ணு மூடிருச்சு. டாக்டரம்மா விரலைத் தொட்டுப் பாத்துச் சிரிச்சாங்க. நான் அங்கனயே அழுதுட்டேன்.

நீங்களும் அவன்கிட்ட கேளுங்க. சண்டை போட்டாவது கேளுங்க. அன்னைக்குப் பந்தியில இருந்த எல்லாருக்கும் சிலிண்டர் தீந்து போச்சு. எனக்கு, அவன் அடுப்பை அணைச்சான்.