பம்பாய் மேட்டில் ஓர் எல்லை

காலை ஏழு மணிக்கு, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரை ஒட்டிய பாபடோயிட்டோயிலிருந்து கிளம்பினோம். நான் போக வேண்டியது ஹாமில்டன். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காரை ஓட்டிய நண்பர் செல்வராஜ், பம்பாய் வரைதான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆக்லாந்துக்குத் தெற்கே நிஜமாகவே ஒரு பம்பாய் இருக்கிறது. அங்கிருந்து எனக்குப் பஸ்.

காரணம், மாரியம்மன் திருவிழாவுக்காக அவர் கையில் கட்டியிருந்த காப்பு. காப்புக் கட்டியவர் ஊர் எல்லை தாண்டக்கூடாது. எங்கள் ஊரில் ஆற்றுப்பாலம்தான் எல்லை.

“ஆக்லாந்துக்கு ஏதுங்க எல்லை? அது பாட்டுக்கு வளருது,” என்றேன்.

“அதுக்குத்தாங்க திருவிழாக் கமிட்டியில பெரிய சண்டை. முன்னாடி இங்க கவுண்டின்னு ஜில்லா மாதிரி ஒண்ணு இருந்துச்சு. இங்கிலாந்துல யார்க்‌ஷரைப் பிரிச்ச மாதிரியே, அதையும் ரைடிங் ரைடிங்கா பிரிச்சிருந்தாங்க. இப்ப ரெண்டு நாட்டுலயும் கலைச்சுட்டாங்க. தெக்கு ரைடிங் முடியற அந்தப் பம்பாய் மேட்டை நாங்க எல்லைன்னு வச்சுக்கிட்டோம்.”

அரசாங்கம் கைவிட்டதை மாரியம்மன் எடுத்துக்கொண்டாளே என்று சிரித்தேன். மேட்டில் ஏறியதும் சிரிப்பு நின்றது. பனிமூட்டத்தில் பக்கத்து வெங்காய வயல்கூடத் தெரியவில்லை. வேலிக் கம்பம் ஒன்றில் எல்லைக்கு அடையாளமாக மஞ்சள் துணி கட்டியிருந்தது. காற்றே இல்லை; துணி ஆடிக்கொண்டிருந்தது.

காரை ஓரங்கட்டியபோது ஹாமில்டனிலிருந்து அவர் மருமகன் கூப்பிட்டார். மகள் கவிதாவுக்கு முன்கூட்டியே வலி கண்டுவிட்டது, ரத்தப்போக்கு நிற்கவில்லை.

“வண்டியை எடுங்க,” என்றேன்.

“தாண்டினதால அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?”

“இல்லாத ரைடிங்குக்காகப் பெத்த பொண்ணை விட்டுடுவீங்களா?” என்று கத்தினேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அவர் இறங்கிப்போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் கை கம்பத்தை விட்டு விலகவில்லை. மறுபடி போன் வந்தது. ரத்தம் நின்றுவிட்டது, பெண் குழந்தை, இருவரும் நலம். செல்வராஜ் புல்லில் உட்கார்ந்து அழுதார்.

“நீங்க போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க,” என்று என்னைப் பஸ் ஏற்றினார்.

மதியம் ஆஸ்பத்திரியில் கவிதா களைத்துப் படுத்திருந்தாள். நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

“ரத்தம் நிக்கறதுக்கு முன்னாடி அப்பா வந்து நெத்தியில கை வச்சார் அங்கிள். கை ஜில்லுனு இருந்துச்சு. ஒண்ணுமே பேசல,” என்றாள். கதவைப் பார்த்தாள். “குழந்தையைக்கூடப் பாக்காம எங்க போனார்?”

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

“வெளிய நிக்கறார்மா,” என்றேன்.