லிமாவுக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு சாப்பாடு

காலை ஒன்பது இருபதுக்கு விழுப்புரத்தில் பேருந்து ஏறினோம். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். என் கணவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வழியில் வரும் ஒவ்வொரு மைல்கல்லையும் சரிபார்த்துக்கொண்டே வருவார், பேச்சு குறைவாகத்தான் இருக்கும். அன்று சுத்தமாகவே இல்லை. அவரை நான் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அல்ல, பெரு நாட்டுச் சாப்பாடு சாப்பிடக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் கவிதா பெருவின் தலைநகரான லிமாவில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் அந்த ஊர்க்காரர் ஒருவரையே கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவள் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடுதான் பெட்டி கட்டிக்கொண்டு போக வேண்டும். நான் தயார். இவர்தான் மாட்டேன் என்கிறார்.

"பச்ச மீனத் தின்றவங்களாம். அந்த ஊர்ல நான் என்னத்தச் சாப்பிடுவேன்? நீ மட்டும் போய்ட்டு வா."

சர்க்கரை நோய்க்காரரை மூன்று மாதம் தனியே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது என்று தெரிந்தேதான் இப்படிச் சொல்கிறார். புதுச்சேரியில் கடலைப் பார்த்தபடி ஒரு பெரு உணவகம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே பேசி முடித்தேன். ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொண்டையில் இறங்கினால் இரண்டு டிக்கெட். இறங்காவிட்டால் நானும் போகவில்லை, இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, வில்லியனூர் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

பத்து நாற்பதுக்குப் பேருந்து நிலையம். கடற்கரைச் சாலைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். எங்கே போகிறோம் என்று கேட்ட ஓட்டுநர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்தார்.

"அந்த மாடி ஓட்டலுக்கா? அங்கல்லாம் வெள்ளக்காரங்கதான் போவாங்கம்மா. பக்கத்துச் சந்துல ஒரு மெஸ்ஸு இருக்கு. மீன் கொழம்புச் சோறு தொண்ணூறு ரூவா. சும்மா அள்ளிக்கினு போவும்."

இவர் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம் வந்தது. ஓட்டுநர் இன்னும் எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுப்பதற்குள் நேராகப் போகச் சொன்னேன்.

உணவகம் பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். கடற்கரையில் பாறைகளை ஒட்டி மெதுவாக நடந்தோம். வெயில் இருந்தாலும் காற்று நன்றாக இருந்தது. கவிதா வீட்டிலிருந்தும் கடல் தெரியும் என்று பேச்சை ஆரம்பித்தேன். "அது பசிபிக். இது வங்காள விரிகுடா" என்று முடித்துவைத்தார்.

பன்னிரண்டேகாலுக்கு மாடி ஏறினோம். மூன்றாவது தளம், லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி என்று எண்ணிச் சொன்னவர் இவர்தான். மேலே எட்டே எட்டு மேசைகள். எந்த மேசையில் உட்கார்ந்தாலும் கடல். உரிமையாளர் ஜோசப் ஐம்பது வயதுக்காரர். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவராம். ஜோசப் பாரீசில் பெரு நாட்டுக்காரர் ஒருவரின் சமையற்கட்டில் பன்னிரண்டு வருடம் வேலை செய்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியிருக்கிறார்.

"போன்ழூர், வாங்க வாங்க. மொத தபாவா? நானே பாத்துக் குடுக்கறேன்."

மகள் லிமாவில் இருப்பதைச் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அங்க தெனைக்கும் சோறுதான் சார். உருளக்கெழங்கே அவங்க ஊருதுதான்" என்றார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சோறு இருக்கிறது என்ற செய்தி அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இல்லாதது எனக்கு விசித்திரமாகப் பட்டது.

மசித்த உருளைக்கிழங்கை அடுக்கி நடுவில் கோழி வைத்த காவுசா முதலில் வந்தது. முந்நூற்று நாற்பது ரூபாய். குளிர்ந்திருந்தது, லேசான புளிப்பு. பாதி சாப்பிட்டார். அடுத்ததுதான் சோதனை. செவிச்சே, ஐந்நூற்று இருபது ரூபாய். மீனை அடுப்பில் வைக்காமல் எலுமிச்சைச் சாற்றிலேயே ஊறவைத்து, வெங்காயம், மிளகாய் போட்டுக் கொடுப்பது. எங்கள் தட்டில் கொடுவா மீன் துண்டுகள் மஞ்சளாக இருந்தன. அந்த ஊர் மிளகாய் மஞ்சள் நிறம் என்று கவிதா சொல்லியிருக்கிறாள், அதுதான் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் ஒரு துண்டை எடுத்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். நான் அவரைப் பார்க்காமல் கடலைப் பார்த்தேன்.

"பரவால்லயே. நம்மூட்டு மீனாட்டமே இருக்கு. இதுன்னா சாப்டுக்கலாம்."

எனக்கு அங்கேயே அழுகை வரப் பார்த்தது. கை கழுவும் சாக்கில் எழுந்து போனேன்.

கழுவுமிடத்துக்குப் பக்கத்தில்தான் சமையற்கட்டு. தேங்காய்த்திட்டிலிருந்து வந்து வேலை செய்யும் செல்வி என்ற பெண் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரு நல்லா சாப்டாராக்கா? வேட்டி கட்டிக்கினு வந்தவரப் பாத்ததும் எனக்கு மனசு கேக்கல. பச்ச மீன எப்டிக்கா குடுக்கறது? சார் அந்தாண்ட போனதும் உப்பு, மஞ்சத்தூள் போட்டு ஒரு கொதி உட்டு எடுத்துட்டேன். சாருகிட்ட சொல்லிடாதீங்க."

அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? ஆனால் மேசைக்குத் திரும்பும் பத்தடி தூரத்துக்குள் என் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டால் இரண்டு டிக்கெட். மூடிக்கொண்டு கூட்டிப்போனால், லிமாவில் முதல் நாளே உண்மையான தட்டு வந்து நிற்கும். சம்பந்தி வீட்டார் முன்னால் இவரை ஏமாற்றிக் கூட்டிவந்தவளாக நான் உட்கார்ந்திருப்பேன்.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார். "முப்பத்தி நாலு வருசமா உங்கையால மீனு சாப்பிடறேன். மஞ்சத்தூளு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா சாப்டுக்கலாம்னு சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நீ ஏமாந்துடக் கூடாதுன்னு சொல்லிட்டேன். ஆனா சாப்பாடு ஒரு சாக்கு வசந்தா. கவிதா கல்யாணத்த நீ போன்ல பாத்த. நான் மோட்டார் போடறேன்னு மாடிக்குப் போனவன், டேங்கு ரொம்பி வழிஞ்சும் எறங்கி வரல. நான் எழுந்து போனத அந்தப் பையன் போன்ல பாத்துக்கினுதான இருந்தான்? இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு அவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கறது?"

இரண்டு மாதமாக நான் அரிசியையும் மீனையும் பற்றியே வாதாடிக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"ரெண்டு பேரும் வாங்கன்னு சொன்னதே அவருதாங்க. மாமா வரலன்னா வீடு நெறயாதுன்னு சொன்னாராம்" என்றேன்.

முன்னால் இருந்த தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு ஜோசப்பைக் கைகாட்டி அழைத்தார்.

"தம்பி, அந்த ஊர்ல எப்டிக் குடுப்பாங்களோ அப்டியே ஒரு தட்டு குடுங்க. எனக்காவ எதையும் மாத்தாதீங்க."

இந்த முறை தட்டில் மஞ்சள் இல்லை. மீன் வெள்ளையாக இருந்தது. முதல் துண்டுக்கு முகம் கோணியது, இரண்டாவதற்குத் தண்ணீர் குடித்தார். சாப்பிட வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. கடைசித் துண்டு வரைக்கும் சாப்பிட்டு முடித்தார். பிடித்திருந்தது என்று நான் எழுத மாட்டேன். முடித்தார், அவ்வளவுதான்.

மூன்றரைக்குத் திரும்பும் பேருந்து. ரெட்டியார்பாளையத்தில் நெரிசல், வண்டி நகரவே இல்லை. மற்ற நாளாக இருந்தால் தூரத்தையும் நேரத்தையும் வகுத்து எனக்கொரு கணக்கு சொல்லியிருப்பார். அன்று என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மாப்ள பேர எப்டிச் சொல்லணும்?"

இரண்டு வருடத்தில் அந்தப் பேர் இவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

"ஹோர்ஹே" என்றேன்.

சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், மறுபடியும் சொல்லிப் பார்த்தார்.