விராலுக்குப் பிடித்த கட்டு

கட்டிய மனைவி மேல் பொறாமைப்படுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஒரு விரால் மீன் அந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டது.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருக்கிறேன். லீவு நாளில் ஏரியில் தூண்டில் போடுவேன். மண்புழு, தவளை எல்லாம் விட்டுவிட்டு, செல்போனில் வீடியோ பார்த்து ஸ்ட்ரீமர் என்கிற பொய் இரை கட்டப் பழகினேன். தூண்டில் முள்ளை வைஸ் இடுக்கியில் பிடித்து, அதன்மேல் சேவல் இறகும் ஆட்டு முடியும் வைத்து நூலால் சுற்றினால், தண்ணீரில் இழுக்கும்போது குட்டி மீன் மாதிரி ஓடும். நான் கட்டினால் ஒரு முடி பிசிறாது. இறுக்கிச் சுற்றி, நெயில் பாலிஷ் தடவி, கண்ணாடி மாதிரி வைத்திருப்பேன்.

மனைவி பூக்கடைக்கு மல்லி கட்டித் தருகிறவள். ஒருநாள் பூ வர நேரமானதால் சும்மா இருக்க முடியாமல் என் முள் ஒன்றை எடுத்து, பூ கட்டுகிற அதே முடிச்சுப் போட்டு ஒன்று கட்டினாள். தலைவாராத பிள்ளை மாதிரி இருந்தது. சிரித்துவிட்டு, கூட வேலை செய்யும் மீஞ்சூர்க்காரத் தம்பிக்கு அதைத் தூக்கிக் கொடுத்தேன். நல்லதைக் கொடுக்க மனசு வரவில்லை.

அந்த ஞாயிறு நானும் தம்பியும் ஏரிக்குப் போனோம். நான் கை வலிக்க வீசியும் ஒரு மீனும் சீண்டவில்லை. அவனோ முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கினான்.

"ணா, இன்னா கட்டுணா இது! நீயா கட்ன?"

"ஊட்ல கட்னாங்க" என்றேன். வாய் கசந்தது.

மறுநாள் கேன்டீனில் விரால் போட்டோ இருந்த அவன் போனைச் சுற்றிக் கூட்டம். "அண்ணிகிட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுணா" என்று ஆளாளுக்கு என்னிடமே கேட்டார்கள். என்னுடையதை ஒருத்தனும் கேட்கவில்லை.

வீட்டில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே அவர்களுக்கு ஸ்ட்ரீமர் கட்டினாள்.

"இறுக்குனா பூ மலராதுங்க. இதுவும் அப்டித்தான், தண்ணில விரியணும்ல?" என்றாள். நான் கேட்காமலே சொன்னதுதான் இன்னும் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு யாரையும் கூப்பிடாமல் தனியாகப் போனேன். என் பெட்டியில் இருந்து எடுத்து வீசிய அழகான கட்டுகளெல்லாம் தண்ணீருக்குள் பல் துலக்கும் பிரஷ் மாதிரி விறைத்துக்கொண்டு போய்த் திரும்பின. பெட்டி மூலையில் அவள் கட்டியது ஒன்று கிடந்தது. எப்போது வைத்தாளோ! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை மாட்டினேன். கோரை ஓரமாக வீசி மெல்ல இழுத்தேன். தண்ணீர் குபீரென்று பிளந்தது.

கரையில் போட்டுப் பார்த்தால், தம்பி பிடித்ததைவிடப் பெரிய விரால். அதன் வாயில் அவள் கட்டு. எனக்குப் பொறுக்கவில்லை. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியில் வீசாமல் கிடந்த என்னுடையது ஒன்றை விரால் வாயில் மாட்டி போட்டோ எடுத்தேன்.

வீட்டில் மீனைக் கொடுத்து, போட்டோவையும் காட்டினேன். "பாத்தியா? நான் கட்னதுல வுழுந்துது."

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மீனு மேல தண்ணி சொட்டுது. உங்களுது மட்டும் எப்டிங்க நனையாம கீது?"

அவள் கையை நீட்டினாள். பையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். விரால் கடித்ததில் பாதி முடி போயிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மீனைப் பிடித்தவன் நான். எனக்கு அது வரவேயில்லை.